விரிப்பின் மறுமுனை

அன்று காலை அக்கா பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டாள். விபத்துக்குப் பிறகு தினமும் அவள்தான் சின்னவளுக்குத் தலைவாரி விடுகிறாள். ஒற்றைக் கையால் பல் துலக்கலாம், முகம் கழுவலாம், பொத்தான்கள் பெரிதாக இருந்தால் மெல்ல மெல்லச் சட்டைகூடப் போட்டுக்கொள்ளலாம். பின்ன முடியாது. கட்டுப் போட்ட வலது கையை வேறு யாருடையதோ போல மடியில் வைத்துக்கொண்டு, மாடி அறையின் ஜன்னலைப் பார்த்தபடி சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பின்னுகிறவளின் முகம் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது. கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அந்த வீட்டில் அதைவிடத் தோதான இடம் இல்லை. இன்றைக்காவது அக்கா ஏதாவது சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள். சீப்பு இறங்கியது, மறுபடி உச்சிக்குப் போனது, இறங்கியது.

கடைசியில் அவளே கேட்டாள்.

"நான் என்னக்கா சொல்லணும் அந்த ஆபீசர்கிட்ட?"

"என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு."

"என்ன நடந்துச்சுன்னு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்களே. அவரு அதைக் கேக்க வரல. நான் யாருன்னு கேக்க வராரு."

அக்கா ரப்பர் பேண்டைப் பின்னல் நுனியில் சுற்றினாள். சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு படியிறங்கிப் போனாள். கீழே துவைக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கி, மாடித் தரை லேசாக அதிர்ந்தது.

கீழ்த்தளம் முழுவதும் சலவைக்கூடம். அக்காவின் கணவர் இறந்தபின் அவருடைய கடன்களோடு அவள் கைக்கு வந்த இடம். இப்போது மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஒரு சிறிய மருத்துவமனையின் பச்சைத் துணிகளும் அங்கேதான் வருகின்றன. யாருடைய துணி எது என்று தெரிவதற்காக ஓரத்தில் நூல் அடையாளம் இருக்கும். பெரிய விடுதிக்குச் சிவப்பு, மருத்துவமனைக்கு நீலம். பிரிப்பதும் எண்ணுவதும் கனத்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாளின் வேலை. எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஹாரன் என்று பெயர். தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வருவான். துவைக்கும் பக்கம் இரண்டு ஆண்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா பெரியக்கா, இவள் சின்னக்கா.

கூடத்தின் நடுவில் ரோலர். ஆள் நீளத்துக்குச் சூடான உருளை ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காகிதம் போல விறைப்பாக வரும். துணி விடுகிற இடத்தில் விரல் உள்ளே போகாமல் தடுக்க ஒரு கம்பி உண்டு. எது அதில் பட்டாலும் உருளை நின்றுவிடும். விரலுக்கு மட்டும் நின்றால் பரவாயில்லை. விரிப்பு சுருண்டு பட்டாலும் நிற்கும், தலையணை உறையின் நாடா பட்டாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் மறுபடி சூடேற்ற வேண்டும். வண்டி வாசலில் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கும்.

அந்த ரோலரில் அக்கா வேறு யாரையும் கை வைக்க விடமாட்டாள். முதலில் அக்காவும் அவளும் மாறி மாறி நின்றார்கள். அக்காவின் முழங்கையில் இன்னும் அந்தக் காலத்துச் சூட்டுத் தழும்பு இருக்கிறது. இடுப்பு வலி வந்த பிறகு அக்கா விலகிக்கொண்டாள். சின்னவள் மட்டும் நின்றாள். துவைக்கிறவர்களில் ஒருவன் ஒருநாள் உதவிக்கு வந்தபோது அக்கா அவனைத் திட்டித் துரத்தினாள். "அடுத்த வீட்டுப் புள்ளைங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அக்காவின் மனசு பெரிசு என்று சோடாபுட்டி அன்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்திருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்த சான்று இருந்தால்தான் இனிமேல் துணி தருவோம் என்று பெரிய விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிற யாராக இருந்தாலும், கடை எவ்வளவு சின்னதானாலும், அது சட்டம்தான். அதுவரை யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். காப்பீட்டு முகவர் வந்து துணி மேசையருகே நின்று ஒவ்வொருவராகப் பெயர் எழுதினார். சின்னவளிடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அக்கா சிரித்துவிட்டாள். தங்கச்சி, வீட்டு ஆளு என்றாள். சம்பளம் வாங்காத குடும்பத்தாரைச் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை, சேர்ப்பதென்றால் சம்பளம் வாங்கும் தொழிலாளி என்று காட்ட வேண்டும் என்று அவர் விளக்கினார்.

"என் கூடப் பொறந்தவளைக் கூலிக்கு வெச்சிருக்கேன்னு எழுதச் சொல்றீங்களா? நல்லா இருக்கே கதை."

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அக்கா அதைச் சொன்னாள். சின்னவள் ரோலரின் அந்தப் பக்கம் குனிந்து துணியைச் சரிசெய்வது போல நின்றாள். முகம் சூடாகியிருந்தது, உருளையின் சூடு அல்ல. கல்யாணம் முறிந்து ஒற்றைப் பையோடு அவள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில் அக்கா எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் எதுவும் கேட்காமல் திறக்கப்பட்ட கதவு எப்போது வேண்டுமானாலும் எதுவும் சொல்லாமல் மூடப்படலாம் என்று உள்ளே ஒரு மூலையில் அவளுக்குப் பயம் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பயம் அன்றைக்குத்தான் விட்டது. இரண்டு மூன்று நாள் அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் மிட்டாய் போல ஒதுக்கி வைத்திருந்தாள். வீட்டு ஆள்.

அதனால்தான், பெரிய விடுதியில் அறைகள் நிரம்பி வழிந்த வாரத்தில், ரோலர் நின்று நின்று போனபோது, பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தத் தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டினாள். யாரும் சொல்லவில்லை. கூலிக்கு நிற்கிற யாருக்கும் அது தோன்றியிருக்காது. நிற்கிற இயந்திரம் நிற்கட்டும் என்று இருந்திருப்பார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மாலை வண்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அந்தத் துணித்துண்டு அப்படியே கட்டிக் கிடந்தது. ஒரு நாள் விரிப்பின் மடிப்பை இழுத்துவிடப் போன கை விரிப்போடு உள்ளே போனது. ஓடிவந்து நிறுத்தியது சோடாபுட்டிதான்.

நடு மூன்று விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் மடங்கக்கூடும், தாமதித்தால் அப்படியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்காவும் கூட இருந்து கேட்டாள். பண்ணிடலாம் என்றாள். மாடிச் சுவர் ஒழுகியபோதும் அக்கா பண்ணிடலாம் என்றுதான் சொன்னாள். பொய் சொல்கிறவள் அல்ல. அந்தச் சொல்லுக்கு நாள் குறிப்பு கிடையாது, அவ்வளவுதான்.

ஹாரன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது கட்டிலருகே குனிந்து சொன்னான். "சும்மா கீழ இறங்கி வந்தேன், கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு சின்னக்கா. வேலை பாக்கறவள்னு நீ சொன்னேன்னு வையி, பெரியக்காவை உரிச்சு எடுத்துடுவாங்க. ஹோட்டல்காரன் துணியை நிறுத்துவான். அப்புறம் நான் வெறும் வண்டியில ஹாரன் அடிச்சுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு அவள் கட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

தொழிலாளர் துறையிலிருந்து வந்தவர் வாசலில் காலணியைக் கழற்றினார். கழற்ற வேண்டியதில்லை என்று சொல்வதற்குள் ஈரத்தரையில் கால் வைத்து இரண்டு சாக்ஸும் நனைந்துவிட்டன. வெளுப்புத் தூளின் காரம் ஏறி அடுத்தடுத்துத் தும்மினார். சோடாபுட்டி ஒரு நீல நூல் துணியை எடுத்து நீட்ட, அது ஆஸ்பத்திரித் துணி என்று துவைக்கிறவர்கள் பின்னாலிருந்து சிரித்தார்கள். நடுத்தர வயது. களைத்த, மரியாதையான மனிதர். எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விகள்தான், பயப்பட வேண்டாம் என்றார். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, துணி மேசையின் ஒரு பக்கம் அவரும் எதிரே சின்னவளும் உட்கார்ந்தார்கள். அக்கா போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று தலையணை உறைகளை மடித்தாள். போகச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சின்னவள் முடிவு செய்து வைத்திருந்தாள். நான் இவங்க தங்கச்சி. வேலை இல்லாத நேரத்துல கூடமாட ஒத்தாசை பண்ணுவேன். அவ்வளவுதான். மாடிப்படி இறங்கும்போது அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள், குரல் உடையவில்லை.

ஆனால் அவர் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றாள். காலையில் எப்போது கீழே வருவீர்கள் என்றார். முதல் வண்டி வரும்போது. எப்போது மேலே போவீர்கள்? கடைசி வண்டி போனதும். ஒரு நாள் வராவிட்டால் என்றார். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. உடம்பு முடியவில்லை, அல்லது மனசில்லை, இன்றைக்கு நான் கீழே வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் என்ன ஆகும் என்று பொறுமையாகத் திருப்பிக் கேட்டார்.

அவள் யோசித்தாள். அப்படி ஒரு நாளைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. மேலே படுத்திருக்கிறாள், கீழே தரை அதிர்கிறது, ஹாரன் அடிக்கிறது, ரோலரின் முன்னால் யாரும் இல்லை. அந்தக் காட்சியில் அவளால் தங்க முடியவில்லை. காய்ச்சலோடும் வந்திருக்கிறாள். அக்கா வரச் சொன்னதில்லை. வர வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இந்த மனிதர் கேட்கிறவரை இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதை அவள் பார்த்ததே இல்லை.

"வராம இருந்ததில்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார். சம்பளம் பற்றிக் கேட்டார். சம்பளம் எதற்கு, மேசை இழுப்பறை திறந்துதான் கிடக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்வேன் என்றாள். சொல்லும்போதே தான் எடுக்கும் விதம் நினைவுக்கு வந்தது. இழுப்பறையைத் திறப்பதற்கு முன்னால் சத்தமாக, எண்ணெய் தீந்துபோச்சுக்கா, செருப்பு வாரு அந்துபோச்சுக்கா என்று சொல்வாள். அக்கா கேட்டதே இல்லை. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ஆனாலும் சொல்லாமல் ஒருமுறைகூட அவள் கை அந்த இழுப்பறைக்குள் போனதில்லை. தனக்கே தனக்கு என்று காரணமில்லாத ஒரு பொருள் வாங்க ஆசைப்பட்டு, என்ன சொல்லி எடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்ட நாட்கள் உண்டு. சோடாபுட்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சம்பளத்தன்று வாங்கிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு போவார். எதற்கென்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

"இந்தத் தொழில்ல உங்களுக்குப் பங்கு ஏதாவது இருக்காம்மா? பேர்ல, லாபத்துல, எதுலயாவது?"

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா மடித்த உறையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையசைத்தாள் சின்னவள். அவர் பேனா ஒரு கணம் நின்றது. சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை என்று எழுத அந்தத் தாளில் இடம் இருந்ததோ இல்லையோ.

பிறகு அவர் எழுந்துபோய் ரோலரைப் பார்த்தார். இயந்திரம் அணைந்திருந்தது. தடுப்புக் கம்பியிலிருந்து அந்தத் துணித்துண்டு இன்னும் தொங்கியது. அவர் அதை விரலால் தொட்டார். யார் கட்டியது என்றார். நான்தான் என்றாள். யார் கட்டச் சொன்னார்கள்? யாரும் இல்லை.

"அப்புறம் ஏம்மா?"

"நம்ம வேலைதானேன்னு..."

அவர் அதை எழுதவில்லை. வேறு யார் யார் இதில் வேலை செய்வார்கள் என்று கேட்டார். வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றாள். ஏன் என்றார். சாதாரணமான கேள்விதான். அவளும் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"மத்தவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா பதில் சொல்லணும்னு அக்கா..."

அங்கே நின்றுவிட்டாள். பல வருஷமாகக் காதில் விழுந்து பழகிய வாக்கியம். தன் வாயால் வேறொருவருக்குச் சொல்லும்போதுதான் அதன் மீதிப் பாதி அவளுக்குக் கேட்டது. எதிரில் இருந்தவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தும்மல் வருவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி மடிக்கும் ஓசை நின்றிருந்தது.

"அவளைத் தொழிலாளின்னே எழுதுங்க சார்." சொன்னது அக்கா.

அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதை உங்கள் தங்கைதான் சொல்ல வேண்டும், நீங்களல்ல என்றார். பிறகு, ஒரு சின்னக் கடைக்காரருக்கு எச்சரிக்கை சொல்கிற அக்கறையோடு, அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். காப்பீட்டில் இவர் பெயரே இல்லாததால் அவர்கள் எதுவும் தரமாட்டார்கள். சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் பொறுப்பு. காப்பீடு இல்லாமல் வேலை வாங்கியதற்கு அபராதம் தனி. விடுதிக்காரர்களுக்கும் தெரியவரும். குடும்பத்தார் என்று எழுதினால் இந்த விஷயம் இன்றோடு முடியும்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுமா?"

அக்கா மடித்த உறையைக் கீழே வைத்தாள். ரோலரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அடுத்தவங்க கை போனா நான் பதில் சொல்லணும்னு பயம் சார். இவ கை போனா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்னு நெனச்சிருக்கேன் போல. நெனச்சேன்னுகூட எனக்கு இதுவரைக்கும் தெரியல."

விபத்து நடந்த நாளிலிருந்து சின்னவள் காத்திருந்த சொற்கள் இவையாகத்தான் இருக்க வேண்டும். அவை வந்தபோது சந்தோஷம் வரவில்லை. காலடியில் ஒரு படி இல்லாதது போல இருந்தது. தொழிலாளி. அந்தச் சொல் நியாயமானது, அவள் விரல்களுக்கு வழி சொல்கிற சொல். ஆனால் அது வந்து உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு சொல் இருந்தது. அந்தப் பழைய சொல்லை வைத்துக்கொண்டு அவள் இத்தனை நாள் இந்த வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே நாற்காலியா என்று யாரிடம் கேட்பது?

அதிகாரி அவளைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதானால் இதில் கையெழுத்துப் போடுங்கள், இடது கையால் போட்டாலும் கையெழுத்துதான், அவசரமில்லை, யோசித்துப் போட்டுக் கொடுத்தனுப்புங்கள் என்று தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் ஈர சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் காலணி போட்டுக்கொண்டு போனார்.

ஆட்கள் இன்னும் உள்ளே வரவில்லை. கூடத்தில் எங்கோ குழாய் சொட்டியது.

"போட்டுடு" என்றாள் அக்கா.

"போட்டா உன்னால முடியுமா?"

"முடியலன்னா ரோலரை வித்துடலாம்."

"ஹோட்டல் போயிடுமேக்கா."

"போனாப் போகுது. கை வருமான்னு பாக்கலாம்."

சின்னவள் தாளின் ஓரத்தை இடது கைச் சுட்டுவிரலால் நீவினாள். "அப்ப இனிமே எனக்குச் சம்பளம் குடுப்பியா?"

"வேலைக்கு வந்தா குடுப்பேன். லீவு போட்டா புடிப்பேன்."

"பொல்லாத முதலாளிதான்."

இருவர் முகத்திலும் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ வந்து, வராமல் போனது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். வெளுப்புத் தூள் என்றாள். பிறகு, வேறு என்ன செய்வது என்று தெரியாதவள் போல, உலர்ந்து குவிந்திருந்த சிவப்பு நூல் விரிப்பு ஒன்றை உருவி அதன் இரண்டு மூலைகளையும் பிடித்தாள். பெரிய விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. பழக்கம் சின்னவளை எழுப்பியது. ஒரு மூலையை இடது கையால் பிடித்தாள், மற்றொன்றை வலது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டாள். இருவரும் பின்னால் நகர்ந்து விரிப்பை இழுத்து உதறினார்கள். அது நடுவில் ஒரு முறை உயர்ந்து காற்றை வெளியே தள்ளித் தட்டையானது.

இனி ஒருவர் நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். அது எப்போதும் சின்னவள்தான். அக்கா நின்ற இடத்தில் நிற்பாள், இவள் போய்க் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு திரும்புவாள், மறுபடி போவாள். விரிப்புகள் எத்தனையோ ஆயிரம் வந்து போயிருக்கும், அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கால் எழுந்தது. பிறகு தரையில் ஊன்றி நின்றது. பிடிவாதம் இல்லை, கோபமும் இல்லை. ஒருமுறை போகாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது. அந்த வெள்ளைக்கு அப்பால் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. அக்கா காத்திருந்தாள். பிறகு தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று புரிந்தவள் போல அவள் கண்கள் அசைந்தன. தெருமுனையில் ஹாரன் கேட்டது. மேசைமேல் தாள் காற்றில் ஒருமுறை எழும்பி அடங்கியது. விரிப்பின் நடுப்பகுதி மெல்லத் தொய்ந்தது. ஈரத்தரையில் அக்காவின் செருப்பு ஒட்டி விடுபடும் ஓசை கேட்டது.